கிடங்கு போய் குடோன் வந்த கதை

வணக்கம், நேயர்களே. இளவயதில் நான் சிங்கப்பூர்த் துறைமுகத்துப் பக்கம் மூட்டை எண்ணும் கணக்குப்பிள்ளை. முதலாளிக்கு அந்த இடம் 'கோடவுன்'. ஊரிலிருந்து வந்த ஆட்களுக்குக் 'குடோன்'. மலாய்க்கார மேஸ்திரி 'கூடாங்' என்பார். அவரை எல்லாரும் பாக்சிக், அதாவது மலாயில் மாமா, என்போம். அவர் என்னைத் தம்பி என்பார். ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே, "தமிழில் இதற்கு என்ன பெயர், தம்பி?" என்றார். "கிடங்கு" என்றேன். கூடாங், கிடங்கு, கூடாங், கிடங்கு என்று அன்று பூராவும் மூட்டைக்கு மூட்டை சொல்லிச் சிரித்தார் மனிதர்.

அவர் சிரித்ததில் விஷயம் இருக்கிறது. தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி. நம்ம சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியும் இந்தக் குடும்பம்தான். அது மலாயில் கூடாங் ஆகி, போர்த்துகீசியர் வாயில் புகுந்து, ஆங்கிலத்தில் கோடவுன் ஆகி, கடைசியில் குடோனாக நம்மிடமே வந்து சேர்ந்தது. கட்டிக்கொடுத்த பெண் அடையாளம் தெரியாமல் பிறந்த வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி!

சரி, தமிழிலிருந்து மலாய்க்கு வேறு எந்தச் சொற்கள் போயின? கடை, கெடாய் ஆனது. கப்பல், காப்பால். பெட்டி, பெத்தி. போட்ட முதல், மோடால். எல்லாம் கல்லாவைச் சுற்றிய சொற்கள், கவனித்தீர்களா? ராஜா, குரு, பஹாசா என்று சமஸ்கிருதம் அரண்மனைப் பக்கம் போய் உட்கார்ந்தது. நம் சொற்கள் கடைத்தெருவில் தங்கிவிட்டன. எனக்கென்னவோ கடைத்தெருதான் பிடிக்கும்.

இதைச் சொன்னால் சிலர், "பார்த்தீர்களா, நாம்தான் கொடுத்தோம்!" என்று மார் தட்டுவார்கள். யாரும் தாரை வார்க்கவில்லை ஐயா, பேரம் பேசும்போது ஒட்டிக்கொண்டது. நாமும் வாங்கியிருக்கிறோம். ரம்புத்தான் சாப்பிடுகிறோமே, ரம்புத் என்றால் மலாயில் முடி. அந்தத் தோலைப் பார்த்தால் வேறு பெயர் வைக்கத் தோன்றுமா?

அப்புறம், தமிழ் கடல் கடந்து போனதற்குச் சாட்சியாகக் கல்வெட்டுகள். அதற்குத்தான் ஒரு கட்டு குறிப்பு கொண்டுவந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு நண்பர் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமத்ராவின் பாருஸில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் வைத்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. இலங்கையின் காலியில் கிடைத்தது இன்னொன்று; 1409ஆம் ஆண்டுத் தேதி போட்டது, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் விஷ்ணுவின் வடிவமான தேனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. கொழும்பு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் போனால் பாருங்கள். இதோ, விரல் ஒன்றாகிவிட்டது. வணக்கம்.