சாப்பாட்டு ஜெபமாக வந்த துதிப்பாட்டு

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பின் வணக்கம்.

பிள்ளைக்கு வேலை கிடைத்தால், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், ஸ்தோத்திரம் தானாக வாயில் வரும். துக்க வீட்டில் எப்படி வரும்? நேற்று வரை பேசிக்கொண்டிருந்த மனுஷன் இன்று இல்லை. அந்த வீட்டு வாசலில் நின்று, "இதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கம்மா" என்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. அழுகிறவர்களை முதலில் அழவிட வேண்டும்.

அப்படியானால் துன்பத்தில் துதிக்கவே முடியாதா? முடியும். அதற்கு ஒரு மனிதரைக் காட்டுகிறேன். மார்ட்டின் ரிங்கார்ட், லூத்தரன் குருவானவர். ஜெர்மனியில் லைப்சிக் பக்கத்தில் ஐலன்பர்க் என்று ஒரு சிறிய ஊர், அதுதான் அவருக்குச் சொந்த ஊர். 1617-ல் அங்கே ஊழியத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே, ஜெர்மனியை நாசமாக்கிய முப்பதாண்டுப் போர் தொடங்கிவிட்டது.

ஐலன்பர்க் மதில் சூழ்ந்த ஊர். சுற்றுவட்டாரத்தில் வீடு வாசலை இழந்தவர்கள் எல்லாரும் உயிருக்குப் பயந்து அதற்குள் வந்து ஒண்டிக்கொண்டார்கள். கூட்டம் நெருக்கியடித்தது. 1637-ல் கொள்ளைநோய் புகுந்தது. மற்ற குருமார்களில் ஊரை விட்டுப் போனவர் போக, இருந்தவர்களும் இறந்துபோனார்கள். மிஞ்சியவர் ரிங்கார்ட் ஒருவர்தான். சில நாட்களில் 40, 50 பேருக்கு அடக்க ஆராதனை. அந்த ஒரே வருஷத்தில் 4,000 பேருக்கு மேல் அவர் கையால் அடக்கம் செய்யப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, மே மாதத்தில், அவருடைய சொந்த மனைவிக்கு. பிறகு அடக்க ஆராதனை நடத்தவும் ஆள் போதாமல், நீளமாகக் குழி வெட்டி, ஆராதனை இல்லாமலே புதைத்தார்கள்.

அடுத்து வந்தது பஞ்சம். செத்த பூனைக்கும் காக்கைக்கும் தெருவில் மனிதர்கள் அடித்துக்கொண்டார்களாம். ரிங்கார்ட் தன் வருமானத்தை முன்கூட்டியே அடகு வைத்து, வாசலில் வந்து நின்றவர்களுக்கு உணவு கொடுத்தார்.

சரி, இவரை எதற்காக நினைக்கிறோம்? ஒரு நன்றிப் பாட்டுக்காக. உலகமெங்கும் அறுப்பின் பண்டிகையிலும் கல்யாணத்திலும் பாடுகிறார்களே, எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொல்லுவோம் என்று தொடங்கும் அந்த ஜெர்மன் பாட்டு, அது இவர் எழுதியது. கொள்ளைநோயின் நடுவில் கண்ணீரோடு எழுதினார் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். ஆனால் அது கொள்ளைநோய்க்கு முன்பே, 1636-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பதுதான் பெரும்பாலும் ஏற்கப்படும் கருத்து. அதுவும் எதற்காக? சாப்பாட்டு ஜெபமாக! பழைய பதிப்பில் அதற்குத் தலைப்பே அப்படித்தான். கத்தோலிக்க வேதாகமத்தில் இருக்கிற சீராக் ஆகமத்தின் 50-ஆம் அதிகாரத்தில் உள்ள சில வசனங்களைப் பாட்டாக்கியிருக்கிறார்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். சோற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் மூடி, மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டுப் பிள்ளைகள் சாப்பிடத் தொடங்குகிறார்களே, அந்த ஜெபத்தைத் தயவுசெய்து லேசாக நினைக்காதீர்கள். ரிங்கார்ட் எழுதியதும் அந்த வகைதான். நன்றி சொல்லும் பழக்கம் அவருடைய மேசையில் ஏற்கெனவே இருந்தது. கொள்ளைநோய் வந்தபோது அவர் புதிதாக ஒன்றைத் தேடி ஓட வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டின் முதல் சரணம் நன்றி. தாயின் வயிற்றிலிருந்தே கிடைத்த நன்மைகளுக்கு. இரண்டாவது சரணம் விண்ணப்பம். எல்லாத் துன்பத்திலிருந்தும் மீட்டருளும் என்று. நன்றி சொன்ன வாயே கேட்கவும் செய்கிறது, அதில் அவருக்குக் கூச்சமே இல்லை.

சங்கீதங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். 13-ஆம் சங்கீதத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று கடவுளிடம் நான்கு தடவை கேட்கிறார் தாவீது, பதில் வந்ததாக எழுதவில்லை. கடைசி வசனத்தில் பாடுகிறார். இன்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால் அதை ஒருவர் சத்தமாக வாசியுங்கள், வீட்டில் எல்லாரும் கேட்கட்டும். வணக்கம்.