ஒரு வாளி போர் தண்ணியும் ஒரு மணி நேரப் பேச்சும்

வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்து பேசுகிறேன். தருமபுரி மாவட்டம் பென்னாகரத்தில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். காற்று இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், புது மைக் இன்னும் கைக்கு வரவில்லை.

முதலில் வேலையை ஆரம்பித்துவிடுகிறேன். இந்த வாளி 40 லிட்டர் பிடிக்கும். உள்ளே இருப்பது எங்கள் பழைய போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இதில் அளவுக்கு மேல் கரைந்திருக்கும் புளோரைடு என்ற உப்பைப் பிரிக்கத்தான் இந்த வேலை. குழாயை அடியோடு வைக்காமல் இரண்டு மூன்று விரல் மேலே வைத்திருக்கிறேன், காரணம் அப்புறம் தெரியும். சுண்ணாம்பு கரைத்து ஊற்றியாகிவிட்டது. இப்போது படிகாரக் கரைசல். முகம் மழித்ததும் தடவுவார்களே, அதே படிகாரம்தான். பத்து நிமிடம் கலக்க வேண்டும். நீங்கள் வேகமாக ஓட்டிவிடுங்கள், எனக்குத்தான் அந்த வசதி இல்லை.

சரி. பாருங்கள், பஞ்சு பஞ்சாகத் திரள்கிறது. இனி ஒரு மணி நேரம் யாரும் வாளியைத் தொடக்கூடாது. அது அடங்கும் வரை பேசுவோம்.

பிளஸ் டூ முடித்த தம்பி தங்கச்சிகள் நிறையப் பேர் கேட்கிறீர்கள்: "அக்கா, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை என்றால் படித்து என்ன பயன்?" "பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி எடுத்தால் டீச்சர் வேலை மட்டும்தானா?" இரண்டாவது கேள்வியை என் சித்தப்பாவும் கேட்டார், என்ன, கொஞ்சம் சத்தமாக. "பேசாமல் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்த்துவிடுங்கள்" என்றார். இன்றைக்கு நான் ஒரு தண்ணீர்ப் பரிசோதனை லேபில் கெமிஸ்ட். எப்படி என்று சொல்ல வேண்டும் என்றால் என் பல்லில் இருந்து தொடங்க வேண்டும்.

கிட்டே வருகிறேன். தெரிகிறதா? முன்பற்களில் குறுக்கே காவிக் கோடு. வெற்றிலைக் கறை இல்லை. தேய்த்தாலும் போகாது, பல்லோடு பிறந்த மாதிரி உள்ளேயே இருக்கும். எங்கள் எட்டாம் வகுப்பு குரூப் போட்டோவைப் பார்த்தால் துக்க வீட்டில் எடுத்தது போல இருக்கும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஆயாவுக்குப் பல்லோடு நிற்கவில்லை. முழங்கால் மடங்காது, கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத் திரும்பும். "முடக்கு வாதம், போன பிறவிக் கடன்" என்று சொல்லியே காலத்தை ஓட்டியது.

என் பள்ளியின் பெயர் வேண்டாம். லேப் இருந்தது, பூட்டும் இருந்தது. பிராக்டிகல் பரீட்சைக்கு முந்தின வாரம்தான் திறப்பார்கள். உப்பைப் பார்க்காமலேயே உப்புப் பகுப்பாய்வை மனப்பாடம் செய்த கூட்டம் நாங்கள். பிளஸ் ஒன் படிக்கும்போது புதிதாக ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் வந்தார். "உங்க வீட்டுத் தண்ணியில ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டு வாங்க" என்றார். நாற்பது சொச்சம் பாட்டில். சின்னக் குழாயில் தண்ணீரை எடுத்து ஒரு சிவப்பு மருந்தைச் சொட்டுவிட்டார். சிலருடையது இளஞ்சிவப்பாகவே நின்றது. என்னுடையது மஞ்சளாகிவிட்டது. அவ்வளவுதான். அந்த மஞ்சள் இன்றைக்கும் கண்ணிலேயே இருக்கிறது.

அந்த மருந்தில் சிர்கோனியமும் ஒரு சாயமும் கைகோத்து நிற்கும், அதனால்தான் சிவப்பு. தண்ணீரில் புளோரைடு இருந்தால் அது சிர்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சாயம் தனியாகி மஞ்சளுக்கு மாறும். புளோரைடு எவ்வளவோ அவ்வளவு மஞ்சள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் போரில் 3-க்குப் பக்கம். என் பல்லில் கோடு போட்டதும் ஆயாவின் மூட்டை இறுக்கியதும் அந்தக் கூடுதல் புளோரைடுதான்.

எங்கிருந்து வந்தது? தொழிற்சாலையில் இருந்தா? எங்கள் ஊரில் தொழிற்சாலையே கிடையாது. காலுக்குக் கீழே இருக்கும் கல்தான் காரணம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டுமே கடினப் பாறை மாவட்டங்கள். கிருஷ்ணகிரி கிரானைட்டைப் பளபளவென்று அறுத்துக் கப்பலில் ஏற்றுகிறார்களே, அந்த வகைப் பாறைகளில் இருக்கும் பயோடைட், அபடைட் போன்ற கனிமங்களில் புளோரைடு ஒளிந்திருக்கும். மழைத் தண்ணீர் பாறை இடுக்கில் நெடுநாள் தங்கினால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் புளோரைடைப் பிடித்துக் கீழே படியவைத்துவிடும். கால்சியம் குறைந்து காரம் கூடிய தண்ணீரில் அது கரைந்தபடியே நிற்கும். கிணறு வற்றியது என்று போரை ஆழமாக ஆழமாக இறக்கினோம் இல்லையா, பாறையோடு அதிக நாள் குடித்தனம் நடத்திய தண்ணீரைத் தேடித்தான் போயிருக்கிறோம்.

எங்கள் அம்மா தினமும் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுத்தார். கிருமி செத்துவிடும், சரி. புளோரைடு ஆவியாகிப் போகாதே! தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். அம்மாவிடம் இதைச் சொன்ன அன்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சென்னை மாகாணத்தில் இந்த நோயைப் பற்றி 1937-லேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. நெல்லூர்ப் பக்கத்து மக்களைப் பார்த்து எழுதியது. ஆயா அப்போது பிறந்திருக்கவே இல்லை. பிறக்கும் முன்பே காரணம் அச்சாகிவிட்ட ஒரு நோய், அதற்குக் கடைசி வரை 'போன பிறவி' என்றே பெயர். எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். கெமிஸ்ட்ரி எடுத்ததற்கும் அதுதான் காரணம். மார்க் எல்லாம் சுமார்தான்.

இப்போது அந்தத் தெருக் குழாயைக் காட்டுகிறேன். ஒகேனக்கல் தண்ணி, போர் தண்ணிக்குப் பதிலாகக் காவிரியில் இருந்து வருவது. ஜப்பான் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கிய கூட்டுக் குடிநீர்த் திட்டம். காவிரி கீழே பள்ளத்தில் ஓடுகிறது, நாம் மேட்டில் இருக்கிறோம். 15 லிட்டர்க் குடம் ஒன்றை 100 மீட்டர் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? நிறை 15 கிலோ, பெருக்கல் புவியீர்ப்பு 9.8, பெருக்கல் உயரம் 100. 14,700 ஜூல். பிசிக்ஸ் புத்தகத்தில் இருக்கும் mgh என்ற மூன்று எழுத்தும் இந்தக் குழாய்க்குள்தான் ஓடுகிறது. இரண்டு மாவட்டத்துக்கும் எத்தனை குடம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இதற்குள் எத்தனை பேர் படிப்பு இருக்கிறது பாருங்கள். எங்கே என்ன பாறை என்று சொன்னவர் ஜியாலஜி. குழாய்க்குப் பாதை போட்டதும் தொட்டி கட்டியதும் சிவில். பம்பு மெக்கானிக்கல், மோட்டார் எலெக்ட்ரிக்கல். எந்தத் தொட்டியில் எவ்வளவு என்று உட்கார்ந்த இடத்தில் பார்ப்பது இன்ஸ்ட்ருமென்டேஷன். ஆயாவின் எக்ஸ்ரேயைப் படிக்க ஒரு டாக்டர். மஞ்சளா சிவப்பா என்று பார்க்க நான். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காதவர்கள் என்று நீங்கள் ஒதுக்கிவைத்த பட்டியல்தான் இது. கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் எந்தத் தெருவுக்கு வரவில்லை என்று கணக்கு வைக்க அவர்களும் வேண்டும். எங்கள் தெருவையே சேர்த்துக்கொள்ளலாம். தண்ணி வராத நாளில் இங்கே இன்னும் சோறு பொங்குவது போர் தண்ணியில்தான்.

கல்லைப் பற்றிப் பேசியதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சந்திரயானை இறக்கிச் சோதித்துப் பார்க்க நிலா மண் மாதிரி ஒன்று தேவைப்பட்டபோது இஸ்ரோ எங்கே வந்தது தெரியுமா? சேலம் தாண்டி, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக்கு. அங்கே கிடக்கும் அனார்த்தசைட் பாறையை நுணுக்கித்தான் அந்த மண்ணைச் செய்தார்கள். 2023 ஆகஸ்ட் 23-ல் நிலாவில் இறங்கிய சந்திரயான் 3-இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். அவர் முதலில் படித்தது டிப்ளமோ. பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் போனால் "மார்க் இல்லை போல" என்று இழுக்கும் மாமாக்களிடம் இதைச் சொல்லுங்கள். டிப்ளமோ முடித்து நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம், அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கிறது.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு கட்டும். பர்கூரிலும் தருமபுரி செட்டிக்கரையிலும் அரசு பொறியியல் கல்லூரிகளே இருக்கின்றன. பொண்ணை வெளியூர் அனுப்ப மாட்டோம் என்கிற வீட்டில் இதையும் காதில் போட்டுவையுங்கள். என் வகுப்பில் கணக்கில் முதல் மார்க் எடுத்தவளுக்குப் பிளஸ் ஒன் பாதியில் கல்யாணம். வாரம் ஒருமுறை பஸ்ஸில் பார்ப்பேன். "உன் லேப்ல என்ன செய்வீங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள், நுணுக்கமாகக் கேட்பாள். எனக்குப் பதில் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கும்.

மணி ஆகிவிட்டது. வாளிக்கு வருவோம். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, புளோரைடு அந்தத் திரட்டோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அது கலங்கி வரக்கூடாது என்றுதான் குழாயை மேலே வைத்தேன். நாக்பூரில் இருக்கும் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்தது இது, நல்கொண்டா முறை என்று பெயர். நல்கொண்டா தெலங்கானாவில் இருக்கிறது, அங்கேயும் இதே பிரச்சினை. வீட்டில் கண்ணளவில் செய்து குடித்துவிடாதீர்கள். தண்ணீரின் காரத்தன்மையை அளந்துதான் படிகாரம் எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும். கூடினால் தண்ணீரில் அலுமினியம் தங்கிவிடும். நான் லேபில் அளந்துதான் போட்டேன்.

இது பழைய போர் தண்ணி, இது வாளித் தண்ணி. இரண்டிலும் மருந்து விடுகிறேன். முதலாவது மஞ்சள், சந்தேகமே இல்லை. இரண்டாவது... கொஞ்சம் ஆரஞ்சு மாதிரி. அட்டையோடு ஒப்பிட்டால் 1-க்கும் 1.5-க்கும் நடுவில். முழுசாகப் போகவில்லை. சுண்ணாம்பைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்க வேண்டும். நாளைக்கு இன்னொரு வாளி.

ஆ, கேட்டதா? அண்ணன் பெண் கத்துகிறாள். ஏழு வயது, முன்பல் இரண்டும் இப்போதுதான் புதிதாக முளைத்திருக்கிறது, பாலில் தோய்த்த மாதிரி வெள்ளை. "அத்தை, தண்ணி வந்துடுச்சு!" என்கிறாள். குடம் வைக்க நான் போகவில்லை என்றால் வரிசை போய்விடும். வருகிறேன்.