விதி மாறட்டும், வருடம் மாற வேண்டாம்

நடுவர் அவர்களே! ரோல்பிளேயிங் கேம் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கூடி உட்கார்ந்து கதையாக ஆடும் ஆட்டம்) பதிப்பாளர்கள் தங்கள் கற்பனை உலகத்தின் காலத்தை எடிஷனுக்கு எடிஷன், அதாவது விதிநூலின் ஒவ்வொரு புதிய பதிப்பிலும், முன்னே தள்ள வேண்டுமா, பழைய நூல்கள் பயன்படும்படி நிறுத்திவைக்க வேண்டுமா என்பது தலைப்பு. நிறுத்திவை என்கிறது எங்கள் அணி. எதிரணித் தலைவர் எங்களைப் 'பழம்பஞ்சாங்கம்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நல்லது ஐயா, பஞ்சாங்கத்தையே புரட்டுவோம். வழக்கே அதில்தான் இருக்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் கற்பனை உலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸை எடுங்கள். 2001இல் வந்த நூலில் அந்த உலகம் 1372ஆம் ஆண்டில் நிற்கிறது. 2008இல் நான்காம் எடிஷன் நூலைத் திறந்தால் 1479! இடையில் 1385இல் மாயத்தின் தெய்வமான மிஸ்ட்ரா கொல்லப்பட்டு, ஸ்பெல்பிளேக் என்ற பேரழிவு வந்து, ஹல்ருவா என்ற நாடே நாசமாகிவிட்டதாம். 107 ஆண்டுகள், ஒரே தாண்டல். 1372இல் கேம்பெயின் (பல நாள் தொடரும் ஆட்டக் கதை) நடத்தி, கோட்டை கட்டி, நாலு பேருக்குக் கடன் கொடுத்து வைத்திருந்த கதாபாத்திரங்கள் என்ன ஆனார்கள்? மனிதராக இருந்தால் மண்ணோடு மண். பல நூறாண்டு வாழும் எல்ஃப் இனமாக இருந்தால் மட்டும் போய்க் கடனைக் கேட்கலாம்! அதுவும் யாரிடம் கேட்பது, வாங்கியவர் செத்து எண்பது வருடம். அப்புறம் ஐந்தாம் எடிஷனில் மிஸ்ட்ராவும் திரும்பிவிட்டார், ஹல்ருவாவும் திரும்பிவிட்டது. திருப்பித் தரப்போவதை ஏன் ஐயா பிடுங்கினீர்கள்?

விண்வெளி ஆட்டமான டிராவலரும் இதே பாதையில் போய் இதே சுவரில் முட்டியது. பேரரசு ஆண்டு 1105இல் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த உலகம். 1987இல் அதன் அடுத்த பதிப்பாக வந்த மெகாடிராவலர், பேரரசர் ஸ்ட்ரெஃபானின் கொலையை வைத்து உள்நாட்டுப் போரை மூட்டியது. 1993இல் அதற்கடுத்த பதிப்பான நியூ எரா ஒரு கணினி வைரஸை அவிழ்த்துவிட்டு மிச்சத்தையும் முடித்துவைத்தது. 1998இல் கர்ப்ஸ் என்ற வேறு விதிமுறையில் வந்த கர்ப்ஸ் டிராவலர், 'அந்தக் கொலை நடக்கவே இல்லை' என்று வேறு கிளையில் போனது. 2008இல் மோங்கூஸ் நிறுவனத்தின் பதிப்பு பழைய 1105க்கே வந்து உட்கார்ந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இன்னொரு உலகமான டார்க் சன்னும் 2010இல் கதையைப் பின்னுக்கு இழுத்தது. அந்த உலகத்தின் நாவல்களில் வீழ்ந்த சூனிய அரசர்களில் கலாக்கைத் தவிர மற்றவர்கள் மீண்டும் அரியணையில்.

'ஆட்ட விதிகளே மாறும்போது பழைய நூல் எப்படியும் குப்பைதானே' என்றார் அடுத்து வந்த அம்மையார். இல்லை அம்மா. விதி மாறினால் வைத்தியம் உண்டு. கால் ஆஃப் கதுலு என்ற திகில் ஆட்டத்தின் ஏழாம் எடிஷனில், கதாபாத்திரத்தின் பழைய வலிமை எண் 13 என்றால் ஐந்தால் பெருக்கி 65; திறன்களின் சதவீதம் ஏறக்குறைய அப்படியே கிடக்கும். 1981இல் வந்த சாகசத்தை (ஆடத் தயாராக எழுதப்பட்ட கதையை) இன்றைக்கும் ஓட்டலாம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கொஞ்சம் கவனம் வேண்டும். பழைய ஆர்மர் கிளாஸை (ஒருவர்மேல் அடி படுவது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்ணை) 20இலிருந்து கழித்தால் புதியது வரும் என்பார்கள். கணக்கு சரி, ஆட்டம் சரியாகாது. ஓக்ர் என்ற அரக்கனுக்குப் பழைய நூலில் ஆர்மர் கிளாஸ் 5, சராசரி 19 உயிர்ப்புள்ளி (சாகும்வரை தாங்கும் அடியின் அளவு). கழித்தால் 15 வரும். 2014இல் வந்த ஐந்தாம் எடிஷன் நூலிலோ ஓக்ருக்கு 11தான், ஆனால் உயிர்ப்புள்ளி 59. ஆகவே எண்ணை மாற்றாதீர்கள்; பெயரைப் பார்த்துப் புதிய நூலின் ஓக்ரை எடுத்து வையுங்கள். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய சாகசத்தில் ஒரு அறைக்கு 6 ஓக்ர் என்றிருந்தால் மொத்தம் 114 புள்ளி. புதிய ஓக்ர் ஆறை அப்படியே இறக்கினால் 354! அடியும் கூடுதல், ஆடுபவர்களின் குழு அந்த அறையிலேயே காலி. இரண்டாகக் குறையுங்கள், 118. இதைச் சொல்ல ஒரு பக்க அட்டவணை போதும், அதைப் பதிப்பாளர் இலவசமாகவே தரலாம். பழைய நூலின் பிடிஎஃப்பை விற்பதோடு கடமை முடிந்தது என்பதெல்லாம் ஆதரவு இல்லை, வியாபாரம். சரி, செத்துப்போன நாட்டுக்கு எந்த அட்டவணை போடுவீர்கள்?

'கதை நகராவிட்டால் எதை விற்பது?' என்ற கேள்விக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மற்றொரு உலகமான எபரான் பதில் சொல்கிறது. 2004, 2009, 2019 என மூன்று எடிஷனிலும் தொடக்கம் 998ஆம் ஆண்டுதான். 994இல் சயர் நாட்டை அழித்த மோர்னிங் என்ற பேரழிவு ஏன் நடந்தது என்பதற்குப் பதிப்பாளர் விடையே தரவில்லை. விடை, ஆட்டத்தை நடத்தும் அந்தந்த கேம் மாஸ்டரின் சொத்து. 2006இல் சென்ட்ரிக் கண்டத்துக்கு ஒரு நூல், 2007இல் சர்லோனாவுக்கு ஒரு நூல். நாட்காட்டி நகரவில்லை, வரைபடம்தான் விரிந்தது.

கடைசியாக பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தைக் காட்டினார்கள். நிஜ ஆண்டோடு 2700 கூட்டினால் அதன் உலகமான கோலாரியனின் ஆண்டு. 2019இல் இரண்டாம் எடிஷன் வந்தபோது அங்கே 4719. மெதுவாக, ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது, நூறாண்டுத் தாண்டலைவிட எவ்வளவோ மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே 2019இல் சிறைப்பட்டிருந்த கொடிய மந்திரவாதி டார்-பாஃபான் விடுதலையாகி, லாஸ்ட்வால் நாடு அழிந்து கிரேவ்லாண்ட்ஸ் ஆகிவிட்டது. அதற்கு முன் லாஸ்ட்வாலில் நடக்கும்படி எழுதப்பட்ட சாகசத்தை இன்று கையில் எடுக்கும் கேம் மாஸ்டர் அந்த நாட்டை எங்கே போய்த் தேடுவார்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.