டெலிட் செய்தால் போய்விடுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘இணையத்தில் நாம் பெரிதும் இழப்பது அந்தரங்கமா, உண்மையா?’ உண்மையைத்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா, “பொய்ச் செய்தி வந்தா டெலிட் பண்ணிட்டுப் போங்கம்மா, ஆதார் நம்பர் வெளியே போனா டெலிட் பண்ண முடியுமா?” என்றார். கைத்தட்டல் பலமாக வந்தது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேலே போகப் போவதில்லை.

கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் பெற்றோருக்காக ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தது. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். நெஞ்சு பதறுகிறதா? பொறுங்கள். அதே வண்டி திரும்பி வருகிறது. பையனை இறக்கிவிடுகிறார்கள். ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள்: பிள்ளையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று. அவ்வளவுதான் படம்.

அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டினார்கள், நடுவர் அவர்களே! திரும்பி வந்த வண்டி இல்லை, இறங்கிய பையன் இல்லை, அட்டையும் இல்லை. தூக்கிக்கொண்டு போனது மட்டும் மிச்சம். 2018இல் அது இந்தியாவில் ஃபோன் ஃபோனாகச் சுற்றியது, “பிள்ளை பிடிக்கிறவங்க நம்ம ஊர்ல இறங்கிட்டாங்க” என்று. அனுப்பியவர்கள் எல்லாம் கெட்டவர்களா? பெற்ற தாய்மார்கள் அனுப்பினார்கள். பயத்தில், அக்கறையில் அனுப்பினார்கள்.

அந்த வருடம் மே மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பியது. திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம், அத்திமூர். வழி கேட்கக் காரை நிறுத்தினார்கள். கூட வந்த 65 வயது அம்மா, அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஐயா, கொடுத்தது சாக்லேட்! ஊர் ஏற்கெனவே அந்த வீடியோக்களைப் பார்த்துப் பயந்துபோயிருந்தது. ‘கடத்தல் கும்பல்’ என்று தகவல் பறந்தது. கூட்டம் கூடியது. குலதெய்வத்தைக் கும்பிடப் போன அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள்.

இப்போது சொல்லுங்கள் ஐயா, எதை டெலிட் செய்வது? ஃபோனிலிருந்து அழிக்கலாம். அடித்தவர்களின் மனத்தில் ஏறிய பயத்தை எந்தப் பட்டனை அழுத்தி அழிப்பீர்கள்? 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு அறிவித்தது. மே மாதம் போன உயிர் ஜூலையில் திரும்பி வருமா?

அந்தரங்கம் முக்கியம்தான், நான் மறுக்கவில்லை. அது அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்தது. சரி, நம்பர் கசிந்ததால்தானே “ஃபோனிலேயே உங்களைக் கைது பண்ணிட்டோம், இது டிஜிட்டல் அரெஸ்ட்” என்று மோசடிக்காரன் கூப்பிடுகிறான் என்பீர்கள். நம்பர் மட்டும் தெரிந்தால் ஒரு ரூபாய்கூடப் போகாது. “நான் சிபிஐ பேசறேன்” என்கிறானே, அந்தப் பொய்தான் சேமிப்பைப் பறிக்கிறது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று நம் சட்டத்திலேயே கிடையாது!

இந்த அரங்கில் எத்தனையோ பாட்டிமார்கள் இருக்கிறீர்கள். ரயிலில் எதிர் சீட்டுக் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்தால் கை தானாக முறுக்குப் பொட்டலத்தை நீட்டும். யார் பெற்ற பிள்ளை என்று கேட்க மாட்டீர்கள். நாம் அப்படி வளர்ந்தவர்கள் அம்மா! இன்றைக்கு நீட்டிய கையைப் பார்த்து அந்தக் குழந்தையின் தாய் மிரள்கிறாள். அவள்மீதும் தப்பில்லை, அவள் ஃபோனிலும் அந்த வீடியோ வந்திருக்கிறது. என் ஆதார் நம்பர் போனால் நான் வழக்குப் போடுவேன். அந்தத் தாய்க்குப் போன நம்பிக்கையை எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்பது? நடுவர் அவர்களே, அந்தத் தாயையும் அத்திமூருக்குப் போன அந்த அம்மாவையும் நினைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.