அடர்ந்த புல்லில் வெட்டுக்கிளியைத் தேடாதீர்கள்

வணக்கம் நண்பர்களே! காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்கிளி பார்க்கப் புல்வெளிக்கு வருகிறவர்கள் முதலில் எங்கே போவார்கள்? புல் எங்கே பச்சைப்பசேலென்று இடுப்பளவு நிற்கிறதோ அங்கேதான். சாப்பாடு அங்கேதானே இருக்கிறது என்ற கணக்கு. ஆனால் இந்தப் பக்கம் பாருங்கள், மாடு மேய்ந்து புல் குட்டையாகி நடுநடுவே மண் தெரிகிறதே, இங்கே ஒரு காலை எடுத்து வைத்தால் போதும், நாலா பக்கமும் தெறித்துப் பாய்கின்றன.

காரணம் பெரும்பாலும் முட்டைதான். பெண் வெட்டுக்கிளி வயிற்று நுனியால் மண்ணைத் துளைத்து, நுரை மாதிரி ஒன்றைச் சுரந்து, அதற்குள் முட்டைகளைப் பொதியாக வைக்கும். அந்த மண்ணில் வெயில் பட வேண்டும், கொஞ்சம் ஈரமும் வேண்டும், ஏனென்றால் முட்டை மண்ணிலிருந்து நீரை உறிஞ்சித்தான் வளர்கிறது. அடர்ந்த புல்லுக்கு அடியில் மண் எப்போதும் நிழலில் கிடந்து குளிர்ந்துபோய்விடும். வளர்ந்த பூச்சிக்கும் உடம்புச் சூடு 35 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் தின்னவும் செரிக்கவும் சுறுசுறுப்பு வரும், அதனால் காலையில் விலாவை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், உச்சிவெயிலில் தரை கொதித்தால் பக்கத்துத் தண்டில் ஏறிவிடும். ஆக வெறும் மண், குட்டைப் புல், உயரமான தண்டு எல்லாமே கிட்டக்கிட்ட வேண்டும்.

சரி, எல்லா இனமும் இப்படியா என்றால், இல்லை. மீசை உடம்பைவிட நீளமாக இருக்கிற வகைகளைப் பார்த்திருப்பீர்களே, அவற்றில் பல உயரமான புல்லுக்குள்ளேயே வாழும், முட்டையைத் தண்டுக்குள் சொருகிவைக்கும். மண் சூடு அவற்றுக்குப் பெரிய கவலை இல்லை, ஆனால் தண்டை அறுத்து அள்ளிக்கொண்டு போனால் அடுத்த தலைமுறையும் அதோடு போய்விடும். வெட்டுக்கிளிக்கு உறவான பிள்ளைப்பூச்சி மண்ணுக்குள்ளேயே சுரங்கம் தோண்டி இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தவை வெறும் தரையில் கல்லோடு கல்லாக உட்கார்ந்திருக்கிறவை. பறக்கும்போது பின் இறக்கையில் சிவப்போ மஞ்சளோ பளிச்சென்று தெரியும், தரையில் இறங்கியதும் எங்கே போனது என்றே தெரியாது.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கோன்சா என்ற உயரப்புல் வெளி இருக்கிறது. அங்கே பைசன் என்கிற காட்டு மாடுகள் மேயும் பகுதிகளில் வெட்டுக்கிளி இனங்கள் அதிகம் என்று ஆன்டனி ஜோர்ன் என்ற சூழலியலாளர் 2005இல் எழுதினார். பைசன் புல்லை ஒரே மட்டத்துக்கு மொட்டையடிக்காது, அங்கங்கே கடித்து அங்கங்கே விட்டுவைக்கும், அப்போது ஒவ்வொரு இனத்துக்கும் ஏற்ற ஒரு மூலை கிடைத்துவிடும். அதே கோன்சாவைப் பற்றி 2020இல் வந்த இன்னொரு ஆய்வு கொஞ்சம் கலக்கமானது. முப்பது ஆண்டுகளில் புல்லின் அளவு இரண்டு மடங்காகியிருக்கிறது, ஆனால் அதில் இருக்க வேண்டிய நைட்ரஜன், பாஸ்பரஸ், சோடியம் எல்லாம் நீர்த்துப்போய்விட்டன. இருபது ஆண்டுகளில் வெட்டுக்கிளிகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டன. சோறு கூடியது, சத்து இல்லை.

அப்படியானால் சத்துக் குறைந்தால் எல்லா வெட்டுக்கிளியும் குறையுமா? அங்கேதான் வேடிக்கை. சீனாவின் உள் மங்கோலியாவில் ஆடுகள் அளவுக்கு மீறி மேய்ந்து நைட்ரஜன் குறைந்துபோன புல்லில்தான் ஒரு குறிப்பிட்ட இனம் செழித்துப் பெருகியது, 2012இல் இது வெளிவந்தது. இனங்கள் நிறைய இருப்பதும் ஒரே இனம் கூட்டமாகப் பெருகுவதும் வேறுவேறு கதை, செய்திகளில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள் என்பது என் எரிச்சல்.

நீங்களே எண்ணிப் பார்க்க ஆசைப்பட்டால் வலையை மட்டும் நம்பாதீர்கள். வலையை வீசினால் புல் நுனியில் இருப்பவை மாட்டும், தரையில் இருப்பவை தப்பிவிடும். கம்பி வளையம் ஒன்றைத் தரையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விலகி இருங்கள், பிறகு மெல்ல நெருங்கி உள்ளேயிருந்து எத்தனை குதிக்கின்றன என்று எண்ணுங்கள். குட்டைப் புல்லிலும் நெட்டைப் புல்லிலும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அப்புறம், வெயில் நன்றாக ஏறிய பிறகு போங்கள், குளிரில் எதுவும் குதிக்காது.