டெல் பாய் ஜெயிச்சிருக்கவே கூடாது

வணக்கம் நண்பர்களே. பிரிட்டிஷ் டிவி காமெடின்னு ஆரம்பிச்சாலே, "அது டிரை ஹியூமருங்க, சிரிக்காம சொல்ற ஜோக்கு, நமக்குச் சிரிப்பே வராது"ன்னு சொல்லி நிறைய பேர் ஒதுங்கிடுறாங்க. டிரையா? ஃபால்டி டவர்ஸ்னு ஒரு சீரியல்ல பேசில்னு ஒரு ஹோட்டல்காரன். அவசர நேரத்துல கார் நடுரோட்ல நின்னுடும். இறங்கி காரைத் திட்டுவான். மூணு எண்ணுவான். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன் உனக்கு"ன்னு மிரட்டுவான். அப்புறம் திடீர்னு எங்கயோ ஓடிடுவான். கேமரா அந்தக் காரையே பாத்துட்டு நிக்கும். பாத்தா, ஒரு மரக்கிளையோட திரும்பி வந்து காரை விளாசு விளாசுன்னு விளாசுவான்! இதுல என்னங்க டிரை?

ஆனா ஏன் அவ்வளவு கோவம்? அன்னைக்கு ராத்திரி ஹோட்டல்ல பெரிய மனுஷங்களுக்கு மட்டும் விருந்து. கண்டவங்கல்லாம் வர வேணாம்னு விளம்பரத்துலயே போட்டிருக்கான். சமையல்காரன் குடிச்சுட்டு மட்டை. வேற ஒரு ரெஸ்டாரன்ட்ல இருந்து வாத்துக்கறி வாங்கிட்டு வர்ற வழியிலதான் கார் மக்கர் பண்ணுது. அவன் அடிக்கிறது காரை இல்ல. "நீ அந்த லெவல் ஆள் இல்லடா"ன்னு ஊரே தன்னைப் பாத்துச் சொல்ற மாதிரி அவனுக்கு இருக்கு, அதைத்தான் அடிக்கிறான்.

என்னைக் கேட்டா, பிரிட்டிஷ் சிட்காம்ல, அதாவது காமெடி சீரியல்ல, நல்லது எல்லாமே இந்த அந்தஸ்து வியாதியப் பத்தினதுதான். ஹீரோ ஒரு படி மேல ஏறத் துடிப்பான், ஏறவே மாட்டான்.

டாட்ஸ் ஆர்மி எடுத்துக்கோங்க. 1968ல இருந்து 77 வரைக்கும் ஓடிச்சு, 80 எபிசோட். ரெண்டாம் உலகப் போர் சமயம், உள்ளூர் காவல் படை. கேப்டன் மெயின்வாரிங் கஷ்டப்பட்டு முன்னேறின பேங்க் மேனேஜர். அவருக்குக் கீழ இருக்கற சார்ஜென்ட் வில்சனோ நல்ல குடும்பத்துப் பிள்ளை, பெரிய ஸ்கூல் படிப்பு. யாரா இருந்தாலும் நடிகர்களை மாத்திப் போட்டிருப்பாங்க. பேச்சே மணக்கிற ஜான் லே மெசுரியருக்குத்தானே ஆபீசர் வேஷம் தோணும்? இங்க அவர் சார்ஜென்ட். குட்டையா, விறைப்பா நிக்கிற ஆர்தர் லோ கேப்டன். அந்த ஒரு முடிவுலயே பாதி காமெடி முடிஞ்சுது. கோல்ஃப் கிளப்ல சேர மெயின்வாரிங் வருஷக்கணக்கா அலைவாரு. வில்சனுக்குக் குடும்ப வழியில ஒரு பட்டம் வந்ததும், கிளப் அவரைக் கூப்பிட்டுச் சேத்துக்கும். அப்ப மெயின்வாரிங் மூஞ்சியப் பாக்கணும் நீங்க!

சரி, தலைப்புல சொன்ன நம்ம ஆளுக்கு வரேன். ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்னு ஒரு சீரியல், தெற்கு லண்டன் பெக்கம், பணக்காரனாகத் துடிக்கிற சில்லறை வியாபாரி டெல் பாய். 1989ல வந்த எபிசோட்ல பெரிய பிசினஸ்காரன் மாதிரி கோட் சூட் போட்டுட்டு ஒரு ஒயின் பார்ல நிக்கிறான். பக்கத்துல கூட்டாளி டிரிகர். பொண்ணுங்க பாக்குறாங்கன்னு கெத்தா சாயப் போறான். அதுக்குள்ள பார்க்காரர் கவுன்டர் பலகையத் தூக்கிட்டுப் போயிட்டாரு. டெல் பாயா நடிச்ச டேவிட் ஜேசன் கையக்கூட ஊனாம, முகம் மாறாம, மரம் சாயற மாதிரி அப்படியே போய் விழுவாரு. எல்லாரும் இதைச் சொல்லித்தான் சிரிப்பாங்க. எனக்குப் பிடிச்சது அதுக்கப்புறம் டிரிகர் பண்றது. திரும்பிப் பாப்பான், ஆளைக் காணோம். கீழ பாக்கணும்னு தோணவே தோணாது அந்த ஜென்மத்துக்கு.

இந்த டெல் பாயை 1996 கிறிஸ்துமஸ் சமயத்துல ஜெயிக்க வச்சாங்க. வீட்டுப் பரண்ல... இல்ல, கராஜ்ல கிடந்த பழைய கடிகாரம் ஏலத்துல 62 லட்சம் பவுண்டுக்குப் போகுது. 2 கோடியே 43 லட்சம் பேர் பாத்தாங்க. அழுதுட்டேன்னு சொல்றவங்க நிறைய. ஆனா ஜெயிச்ச டெல் பாய்கிட்ட காமெடிக்கு என்ன இருக்கு? 2001ல திரும்பக் கொண்டு வந்தப்ப முதல் வேலையா அவன் காசையெல்லாம் பங்குச் சந்தையில தொலைக்க வச்சாங்க. வேற வழி? ஆனா புதுசா ஏழையான அவனுக்கு அந்தப் பழைய வெறி இல்ல, எழுத்துலயும் சூடு இல்ல.

ஃபால்டி டவர்ஸ் எழுதின ஜான் கிளீஸும் கானி பூத்தும் அந்த விஷயத்துல கெட்டிக்காரங்க. 1975ல ஆறு, 1979ல ஆறு, மொத்தம் 12 எபிசோட், கடையச் சாத்திட்டாங்க. பேசில் கடைசி வரைக்கும் திருந்தல, முன்னேறல.

புதுசா பாக்கறவங்க டெல் பாயை 1996 வரைக்கும் பாருங்க, அதோட நிறுத்திக்கோங்க. எஸ் மினிஸ்டர்ங்கிற அரசியல் காமெடி சீரியலைப் பத்தி ஏன் பேசலன்னு கேப்பீங்க. அதுல வர்ற அரசு அதிகாரி சர் ஹம்ஃப்ரிக்குத் தனி வீடியோவே வேணும், அடுத்த வாரம் போடுறேன். வரட்டா!