எனக்கு அதுல என்ன உண்டு?

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்பான்சர் தேடுவது எப்படி என்றுதான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

தக்கலைப் பக்கம் பிறந்த எனக்குப் பனியைக் காட்டியது ராணுவம். காஷ்மீரிலுள்ள குல்மார்க்கில்தான் பனிச்சறுக்கு படித்தேன். ஓய்வுபெற்று ஊர் வந்தபிறகு, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி, பள்ளியில் நெடுந்தூர ஓட்டக்காரி, "மாமா, எனக்கும் அது படிக்கணும்" என்று வந்து நின்றாள். மணாலியில் மலையேற்றப் பயிற்சிக்கான அரசு நிறுவனமே பனிச்சறுக்கும் சொல்லிக்கொடுக்கிறது. அங்கே அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டு வந்தாள். இப்போது ஊர் எழும்புமுன்னே, அணைக்குப் போகும் தார் ரோட்டில் ரோலர் ஸ்கீயில் போகிறாள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் வைத்த குட்டையான பட்டை அது. கையிலுள்ள கோலின் இரும்பு முனை தாரில் குத்தும் சத்தம் கேட்டுத்தான் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் வழி விடுவார்கள். பனி இல்லாத மாதங்களில் ஐரோப்பிய வீரர்களும் இப்படித்தான் பயிற்சி எடுக்கிறார்கள்.

பனி இல்லாத ஊர் என்பது பெரிய தடை இல்லை, மக்களே. குடகு மலை காப்பித்தோட்ட பூமி, அங்கேயும் பனி விழாது. அந்த ஊர்ப் பெண் பவானி தெக்கட நஞ்சுண்டா 2025-இல் சிலி நாட்டில் நடந்த கிராஸ் கண்ட்ரி, அதாவது நெடுந்தூரப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் வெண்கலம் வாங்கினார். தடை பணம்தான். குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருப்பவரின் மகன் ஆரிஃப் கான். நாலு வயதில் சறுக்கத் தொடங்கிய அவரே பணம் இல்லாமல் 2018 ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தார். 2022-இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரரும் அவர்தான்.

ஆகவே ஸ்பான்சர் வேண்டும். நாங்கள் முதலில் ஒரு நிறுவனத்துக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதினோம். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி, வீட்டில் கஷ்டம், உதவி செய்யுங்கள் என்று. பதிலே இல்லை. பிறகு மார்த்தாண்டத்தில் தேன் வியாபாரம் செய்கிற ஒரு அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிள்ளைக்கு ஐயாயிரம் ரூவா இப்பவே தாறேன். அது தர்மம். வருஷாவருஷம் வேணும்னா, எனக்கு அதுல என்ன உண்டுன்னு சொல்லும்."

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவருக்குத்தான் ஸ்பான்சர் கிடைக்கும். கொடை விழாவானாலும் கோயில் பெருவிழாவானாலும், நோட்டீஸில் 'உபயம்' என்று பெயர் போட்டால்தானே கொடுத்தவருக்கு நிறைவு? உலக அளவில் நடப்பதும் அதுதான். பந்தயம் முடித்த வீரரைக் கவனித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும்போதே குனிந்து ஸ்கீயைக் கழற்றி, கம்பெனிப் பெயர் கேமராவுக்குத் தெரியும்படி முகத்தின் பக்கத்தில் நிமிர்த்திப் பிடிப்பார். அதுவும் அவர் வேலையில் சேர்ந்தது. நெற்றிக்கு மேலே, ஹெல்மெட்டில் உள்ள இடம்தான் விலை கூடியது. அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் ஹெல்மெட்டில் பல வருடம் இருந்தது பரிலா என்ற இத்தாலியப் பாஸ்தா கம்பெனியின் பெயர். பாஸ்தாவுக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்? அப்படியென்றால் நம் மார்த்தாண்டம் தேனுக்கு அந்த இடம் ஏன் ஆகாது?

எடுத்த எடுப்பில் யாரும் சம்பளம் தரமாட்டார்கள். முதலில் ஒரு கடைக்காரர் விலையைக் குறைத்துத் தருவார். நீங்கள் நன்றாகச் செய்தால் சாமான் இலவசமாக வரும், அதன்பிறகு பயணச் செலவு. கைக்காசு கடைசியில்தான்.

இன்னொன்றைக் கவனமாகக் கேளுங்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேலான நிறுவனங்கள் முந்தைய 3 வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் விளம்பரத்துக்காகக் கொடுக்கும் ஸ்பான்சர் பணத்தை அந்தக் கணக்கில் எழுத முடியாது. எனவே நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவுக்கு எழுதும் கடிதத்தில் ஹெல்மெட்டில் பெயர் போடுகிறேன் என்று சொல்லாதீர்கள். விளம்பரப் பிரிவுக்கு எழுதும்போது அதையே முதல் வரியாக வையுங்கள். அண்ணாச்சி தர்மம் வேறு, வியாபாரம் வேறு என்று பிரித்தாரே, சட்டமும் அப்படியே பிரித்திருக்கிறது.

பிள்ளையின் இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். எந்தப் பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தாள், அடுத்த குளிர்காலத்தில் எங்கே போகிறாள், எதற்கு எவ்வளவு செலவு. அதன் கீழே அவள் தருவது: மாதம் ஒரு வீடியோ, மாவட்டத்தில் மூன்று பள்ளிகளில் ரோலர் ஸ்கீ செய்து காட்டுவது, தோற்றாலும் ஜெயித்தாலும் அன்றைக்கே அண்ணாச்சிக்கு போன். மெடல் வாங்கித் தருகிறேன் என்று எழுத வந்தாள், நான் தடுத்தேன். நம் கையில் இல்லாததை வாக்குக் கொடுக்கக் கூடாது.

ஒப்பந்தம் சின்னதாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். அடிபட்டுப் படுத்துவிட்டால் பணம் நிற்குமா, அதே சரக்கு விற்கும் வேறு கடையின் பெயரைப் போடலாமா, படங்கள் யாருக்குச் சொந்தம், இந்த மூன்றையும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் கையெழுத்து பெற்றோருடையது. ஹெல்மெட்டில் விளம்பரம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்குப் போட்டிகளில் விதி உண்டு, அதையும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

அண்ணாச்சி சம்மதித்துவிட்டார். படத்தில் எழுத்து வாசிக்கத் தெரியணும், அது ஒன்றுதான் அவர் கேட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, இருபது அடி தள்ளி நின்று செல்போனில் படம் எடுத்துப் பார்த்தோம். 'தேன்' தெரிந்தது, கடைப்பெயர் தெரியவில்லை. விதிக்குள் எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி, வேறு ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்திருக்கிறோம்.

வணக்கம்.